கரண்ட் போனதும் மீன்கள் ஏன் மேலே வருகின்றன?

கேள்வி: நேற்று ராத்திரி கரண்ட் போய் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் வந்தது. என் இரண்டடித் தொட்டியில் இருந்த ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, காலையில் பார்த்தால் இரண்டு செத்துக் கிடந்தன. ஏர் பம்ப் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜனே இருக்காதா? நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஏர் பம்ப் விடும் குமிழ்தான் தண்ணீரில் கரைந்து ஆக்சிஜன் ஆகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். குமிழிலிருந்து கரைவது கொஞ்சம்தான். அது ஏறும்போது அடித்தண்ணீரையும் கூடவே இழுத்துவந்து மேற்பரப்பைக் கலக்கிவிடுகிறதே, பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கிறது. ஆக்சிஜன் உள்ளே போவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான். அது அசையாமல் நின்றால் மேல் அடுக்கில் மட்டும் ஆக்சிஜன் கொஞ்சம் மிஞ்சும், அதைத் தேடித்தான் மீன்கள் மேலே வருகின்றன.

உடனே செய்ய வேண்டியது மூடியைத் திறப்பது. அப்புறம் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், இருபது முப்பது தடவை. கால் மணி நேரம் கழித்து மறுபடியும். கை வலிக்கும்தான், ஆனால் காசில்லாத வழிகளில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து இல்லை. கரண்ட் வரும்வரை தீனி போடவே வேண்டாம், வளர்ந்த மீன் ஓரிரு நாள் பட்டினி தாங்கும், ஆனால் தீனியைச் செரிக்க அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே ஆக்சிஜனைத்தான் தின்னும். செடி இருக்கிறதே என்றும் நம்பி இருக்காதீர்கள், இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுக்கத்தான் செய்யும்.

வெயில் காலத்தில் இன்னும் கவனம் தேவை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் சுமார் ஏழரைதான், ஆனால் சூடு ஏற ஏற மீனின் தேவையோ கூடும். ஃபைட்டர், கௌராமி மாதிரி மீன்கள் மேலே வந்து, அதற்கென்றே உள்ள ஓர் உறுப்பால் வெளிக்காற்றையே சுவாசிக்கும், அதனால் சமாளித்துக்கொள்ளும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த உறுப்பு இல்லை. வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன், இரண்டடித் தொட்டிக்கு ஆறு கோல்டு ஃபிஷ் அதிகம். கூட்டம் குறைவாக இருந்திருந்தால் அந்த ஐந்து மணி நேரத்தை அவை தாண்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: பவர் பேங்கில் ஏர் பம்ப் ஓட்டலாமா? எவ்வளவு நேரம் வரும்?

பதில்: தாராளமாக. யூஎஸ்பி ஏர் பம்ப் பல ஒரு வாட் அளவில்தான் இழுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது சுமார் 37 வாட்-மணி, இழப்பு போக ஒரு முழு நாள் ஓடும். ஒரே சிக்கல், மின்சாரம் ரொம்பக் குறைவாக இழுத்தால் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடும், அதனால் கரண்ட் இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்ப்பை மட்டும் அதில் மாட்டுங்கள், ஹீட்டரை மாட்டினால் பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும்.

கேள்வி: கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓட விடலாமா?

பதில்: அரை மணி, ஒரு மணி நேரம் என்றால் விடலாம். பல மணி நேரம் நின்றிருந்தால் வேண்டாம். கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா, அதற்குள் இருந்து மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், அது தீர்ந்ததும் அவை சாகத் தொடங்கும், உள்ளே தேங்கிய தண்ணீர் நாறிப்போகும். அதை அப்படியே தொட்டிக்குள் தள்ளினால் தப்பிப் பிழைத்த மீனுக்கும் ஆபத்து. திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசிப் போடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் மிச்சமுள்ள பாக்டீரியாவும் போய்விடும்.

ஏர் பம்ப் தொட்டியைவிடத் தாழ்வாக இருந்தால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் இறங்கி பம்ப்புக்குள்ளேயே போகும். டியூபில் ஒரு செக் வால்வு (தண்ணீரைத் திரும்பி வர விடாத அடைப்பு) போடுங்கள், இல்லையென்றால் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்துவிடுங்கள்.