ஸ்னாப் கிட்: பல்லடம் முதல் கரூர் வரை வந்த கேள்விகள்

பசை தடவாமல், அமுக்கிப் பொருத்தியே செய்து முடிக்கும் பிளாஸ்டிக் மாடல்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் கொங்குப் பக்கத்திலிருந்து வந்தவை. அவற்றில் பலவற்றில் சிக்கல் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கும் இடத்தில். அதனால் அந்தப் பதிலை நீட்டி எழுதியிருக்கிறோம்.

பையனுக்கு ஒம்பது வயசுங்க. காரும் பிடிக்கும், ரோபோவும் பிடிக்கும். மொதல்ல எதை வாங்கிக் குடுக்கறதுங்க? பெட்டி மேல ஹெச்.ஜி., ஆர்.ஜி.ன்னு என்னென்னமோ போட்டிருக்குது.
*– ஒரு தந்தை, பல்லடம்*

ரோபோ என்றால் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் போடும் கன்டம் வரிசையில் ‘என்ட்ரி கிரேடு’ வாங்குங்கள். 1/144 அளவு, அதாவது அசலின் 144இல் ஒரு பங்கு. பாகங்கள் சட்டத்தோடு மிக மெல்லிய காம்பால் மட்டுமே ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினாலே கழன்று வரும், கருவி ஒன்றும் வேண்டாம். அதை முடித்தபின் ஹெச்.ஜி., அதாவது ஹை கிரேடு. அதுவும் 1/144தான், ஆனால் நிப்பர், அதாவது சின்ன வெட்டுக் குறடு வேண்டும். ஆர்.ஜி.யும் (ரியல் கிரேடு) அதே 1/144 என்பதால் சின்ன பெட்டி, சின்ன வேலை என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டகமும் அரிசி அளவுப் பாகங்களும் இருக்கும். ஒன்பது வயதுக்கு அது ஆகாது. எம்.ஜி. (மாஸ்டர் கிரேடு) 1/100 அளவு, உருவம் பெரிது, பாகங்களும் அதிகம். இரண்டு மூன்று ஹெச்.ஜி. செய்து கை பழகியபின் அதற்குப் போகலாம்.

கார் என்றால் ஏர்ஃபிக்ஸின் ‘குயிக் பில்ட்’ அல்லது ரெவெலின் ‘ஈஸி கிளிக்’. முதலாவது, கட்டைகளை அடுக்குவதுபோல் சேர்ப்பது. சிறு பிள்ளைக்கு மிக எளிது. இரண்டாவது, உருவத்தில் நிஜக் காருக்கு இன்னும் நெருக்கம். பெட்டியில் ‘ஸ்னாப்’, ‘ஈஸி கிளிக்’, ‘குயிக் பில்ட்’ என்ற சொற்களில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அது பசை கேட்கும் கிட்டாக இருக்கக்கூடும். வீட்டில் மூன்று வயதுக்குள் கைக்குழந்தை இருந்தால் பாகங்களைத் தரையில் பரப்பவே கூடாது.

பேரன் நகவெட்டியில வெட்டறான், இல்லாட்டி கையில முறுக்கிப் பிச்சு எடுக்கறான். வெட்டுன எடமெல்லாம் வெள்ளை வெள்ளையா ஆயிப்போச்சு. ரெண்டு மூணு பாகம் குழி விழுந்துருச்சுங்க. இது சாமானத்துக் குறையா, பையன் செய்யறதுல குறையா?
*– ஒரு அம்முச்சி, கோபிசெட்டிபாளையம்*

சாமானத்தில் குறையில்லை அம்மா; பேரன் கையிலும் குறையில்லை. கருவியும் வெட்டும் முறையும் மாறினால் போதும்.

பாகங்களைத் தாங்கும் சட்டத்துக்கு ரன்னர் என்று பெயர். ரன்னருக்கும் பாகத்துக்கும் நடுவே இருக்கும் குட்டிக் காம்புதான் கேட். கோவையில் மோல்டிங் பட்டறையில் வேலை செய்பவர் யாராவது உறவில் இருந்தால் பேரனை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். உருகிய பிளாஸ்டிக் ரன்னர் வழியாக ஓடி, கேட் வழியாகப் பாகத்தின் அச்சுக்குழிக்குள் புகுந்து, உறைந்து வெளியே வரும் சட்டத்தை நேரில் பார்த்துவிட்டால், எங்கே வெட்ட வேண்டும் என்பது அவனுக்கே புரிந்துவிடும்.

முறுக்கினால் கேட் தனியாக அறுந்து வருவதில்லை. பாகத்தின் தோலையும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும். குழி விழுவது அதனால்தான். நகவெட்டியின் இரு வாயும் ஆப்பு வடிவம். பிளாஸ்டிக்கை இரண்டு பக்கமும் நசுக்கித் தள்ளுகின்றன. நசுங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண் பிளவுகள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கின்றன. அந்த வெள்ளை, சாயமோ அழுக்கோ அல்ல. பிளாஸ்டிக் வதைபட்ட தழும்பு. கறுப்பு, கருநீலம், சிவப்பு பாகங்களில் அது பளிச்சென்று தெரியும்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில், ரிப்பேர்க்காரர்கள் கம்பி நறுக்கும் சிறிய நிப்பர் கிடைக்கும். ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தட்டைப் பக்கம் எப்போதும் பாகத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அதில் இரும்புக் கம்பி வெட்டக் கூடாது. ஒருமுறை வெட்டினாலும் வாய் பல்லுப் போய்விடும்.

வெட்டு ஒன்றல்ல, இரண்டு. முதல் வெட்டு பாகத்திலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளி, ரன்னர் பக்கமாக. இதில் பாகம் சட்டத்தின் இழுவிசையிலிருந்து விடுபடுகிறது. இரண்டாம் வெட்டில் மிச்சக் காம்பை அரை மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். ஒட்ட வெட்ட ஆசை வரும். வெட்டினால் வெள்ளை விழும். மிஞ்சிய அரை மில்லிமீட்டரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 600, 800, 1000 என்ற எண் கொண்ட தாள்களை அந்த வரிசையில், ஐஸ்கிரீம் குச்சியில் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் தட்டையான பரப்பு உருண்டுபோகும். கத்தியால் சீவுவது பெரியவர் வேலை. பேரனுக்கு உப்புத்தாளே போதும்.

கொம்பு, ஆன்டெனா, கண்ணாடிச் சட்டம் மாதிரியான மெல்லிய பாகங்களுக்கு மட்டும் வரிசை மாறும். முதலில் சுற்றியுள்ள ரன்னரைத் துண்டுதுண்டாக நறுக்கித் தளர்த்துங்கள். கடைசியாகப் பாகத்தின் கேட்டுக்கு வாருங்கள். நேராகக் கேட்டை வெட்டினால் அந்த அதிர்ச்சியிலேயே பாகம் முறியும். வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்காமல் இருக்க இடது கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வெளுத்த இடங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் லேசானவை மங்கும். ஆழமானவற்றை 800, 1000 உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் மேட் கிளியர் ஸ்ப்ரே (பளபளப்பில்லாத, நிறமற்ற பூச்சு) அடித்தால் பெரும்பாலும் மறையும்.

ரெண்டு பாதியும் கடைசி ஒரு மில்லிமீட்டர் பொருந்தவே மாட்டேங்குதுங்க. கட்டிங் பிளேயரால அமுக்குனேன், ஓரம் நசுங்கிருச்சு. இப்பக் கழட்டவும் வரலை.
*– கல்லூரி மாணவர், ஈரோடு*

பிளேயரை முதலில் தூரப் போடுங்கள். பொருந்தாமல் நிற்கும் பாகத்துக்குக் காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் அமுக்கினால் எதுவும் ஆகாது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது மறைவான கேட். பல பாகங்களில் கேட் வெளிப்பக்கம் இல்லாமல், இரண்டு பாதியும் சேரும் விளிம்பிலேயே இருக்கும். வெளியே தழும்பு தெரியக் கூடாதென்று அப்படி வடிவமைக்கிறார்கள். அதில் அரை மில்லிமீட்டர் மிஞ்சினாலும் அத்தனையும் இடைவெளியாக நிற்கும். அந்த விளிம்பை மட்டும் துளி மிச்சமில்லாமல் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அடுத்தது உள்ளே வைக்கும் பாலிகேப், அதாவது மூட்டுக்கான சாம்பல்நிற ரப்பர் போன்ற வளையம். அது தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் சற்றே சாய்ந்திருந்தாலும் மேல் மூடி ஏறாது. பல பாலிகேப்புகளுக்கு ஒருபக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. வழிகாட்டித் தாளில் படத்தைத் திருப்பிப் பார்த்துச் சரிபாருங்கள். மூன்றாவது, இடது வலது மாறிப்போவது. கை, கால் பாகங்கள் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும். எண் பார்த்து எடுக்காமல் உருவம் பார்த்து எடுத்தால் மாறும். வெட்டியவுடன் தேவையான பாகங்களை மட்டும் ஒரு தட்டில் வைத்து, ஒரு படி முடிந்தபின் அடுத்த படிக்கு வெட்டுங்கள். மொத்தத்தையும் முன்கூட்டி வெட்டிக் குவித்தால் எண் தெரியாமல் தவிக்க வேண்டியதுதான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இறுக்கம் என்றால் முளை துளைக்குச் சற்றே பெரிதாக வார்க்கப்பட்டிருக்கிறது. முளையின் நுனியைச் சாய்வாக நறுக்கிவிடுங்கள். உள்ளே வழுக்கி இறங்கும், பிடியும் குறையாது. முளை முழுவதையும் சீவினால் பாகம் கழன்று விழும். அமுக்கும்போது இரு கட்டைவிரலும் முளை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். முளைக்கு முளை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரு மூலையை முழுக்க அமுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் முளை வளையும்.

கழற்றுவதற்கு விளிம்பில் சின்னப் பள்ளம் விட்டிருக்கிறார்களா பாருங்கள். பிளாஸ்டிக் ஆப்பு அல்லது பழைய ஏ.டி.எம். கார்டின் மூலையை அதில் நுழைத்து, திருகாமல், சுற்றிச் சுற்றி நெகிழ்த்துங்கள். பிளேடு நுழைத்தால் விளிம்பும் போகும், விரலும் போகும்.

சூலூர்ல தெனமும் தேஜஸ் பறக்கறதைப் பாக்கறோம். 1/72, 1/144ன்னா மேசை மேல அது எவ்வளவு பெருசா இருக்கும்?
*– பள்ளி மாணவி, சூலூர்*

நிஜ அளவைக் கீழே உள்ள எண்ணால் வகுத்தால் போதும். தேஜஸ் போர் விமானத்தின் நீளம் 13.2 மீட்டர். 1/72இல் 18.3 சென்டிமீட்டர், உங்கள் நீண்ட ஸ்கேலை விடக் குறைவு. 1/144இல் 9.2 சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 1/24 கார் பக்கத்தில் நின்றால் 7 சென்டிமீட்டர், 1/72 விமானத்தின் பக்கத்தில் 2.4, 1/144இல் 1.2. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டு, காகிதத்தில் வரைந்து, அலமாரியில் வைத்துப் பாருங்கள்.

பனியன் கம்பெனித் தெருவுல வீடு. செஞ்சு வெச்ச மாடல் மேல ஒரே பஞ்சு. தொடச்சா இன்னும் அதிகமா ஒட்டுதுங்க. கை மூட்டும் லூசாகித் தொங்குது.
*– வாசகர், திருப்பூர்*

காய்ந்த துணியால் தேய்க்கும்போது பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறுகிறது. பஞ்சு இன்னும் ஓடிவந்து ஒட்டும். மென்மையான முகப்பூச்சு பிரஷ்ஷை இலேசாக ஈரப்படுத்தித் துடையுங்கள். கண்ணாடி மூடிய அலமாரிதான் உங்கள் தெருவுக்கு நிலையான வழி.

லூசான மூட்டு உருண்டை வடிவமாக இருந்தால் கழற்றி, உருண்டையின் மேல் மட்டும் ஃபெவிக்விக்கை மெல்லிய படலமாகத் தடவி, ஒருமணி நேரம் முழுக்கக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். காயுமுன் மாட்டினால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். நகப்பாலிஷ் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்னும்.

தண்ணியில ஊறவெச்சு ஒட்டற ஸ்டிக்கர் காஞ்சதும் சுத்தி வெள்ளைக் கறை. ஸ்டிக்கர் அடியிலயும் வெள்ளி மாதிரி மின்னுது.
*– வாசகர், பொள்ளாச்சி*

இரண்டும் வேறு வேறு நோய். சுற்றியுள்ள கறை போர் தண்ணீரின் உப்பு. நீர் காய்ந்தபின் அது மட்டும் தங்குகிறது. குடிநீர் கேன் தண்ணீரோ மழைநீரோ பயன்படுத்துங்கள். கறையை அதே நல்ல தண்ணீர் தொட்ட பஞ்சுக்குச்சியால் எடுத்துவிடலாம்.

அடியில் மின்னுவது காற்று. சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டினால் மேடுபள்ளத்துக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பான கிளியர் பூசிக் காயவைக்க வேண்டும். பிறகு டீக்காலை, அதாவது அந்த ஸ்டிக்கரை, 10 விநாடி நனைத்து, வெளியே எடுத்து ஈரத் தாளில் ஒரு நிமிடம் வையுங்கள். தானாக நழுவும் நிலை வந்ததும் ஈரப் பிரஷ்ஷால் தள்ளி இடத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒற்றி எடுங்கள். நீண்ட நேரம் ஊறவைத்தால் பசை முழுக்கக் கரைந்துபோகும்.

மேட் கிளியர் ஸ்ப்ரே அடிச்சேன், மொத்தமும் பனி மூடுன மாதிரி வெளுத்துருச்சுங்க.
*– வாசகர், பீளமேடு, கோவை*

ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்திருப்பீர்கள். ஸ்ப்ரேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் சிக்கி வெளுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். ஆடியிலோ சிக்கல் வேறு: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, துளிகள் பரப்பைத் தொடுமுன்பே உலர்த்திவிடும், தூசியையும் கொண்டுவந்து ஒட்டும். ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஜன்னல் திறந்த அறையில் முகமூடி போட்டு அடியுங்கள். மாசி, பங்குனி வெயில்தான் எங்கள் முதல் தேர்வு.

டப்பாவை ஒரு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, கை நிற்காமல், மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக அடிக்க வேண்டும். கண்ணாடிப் பாகங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். இப்போது வெளுத்திருப்பதை வறண்ட ஒரு நாளில் அதே ஸ்ப்ரேயை மீண்டும் மிக மெல்லியதாக அடித்துப் பாருங்கள். பழைய படலம் நெகிழ்ந்து ஈரம் வெளியேறப் பல நேரம் தெளிந்துவிடும்.

காரோட டேஷ்போர்டுல வெச்ச மாடல் வளைஞ்சு போச்சு.
*– வாசகர், கரூர்*

இந்த மாடல்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரி அருகே நெகிழும். பூட்டிய காரின் டேஷ்போர்டு சித்திரை வெயிலில் 70ஐத் தாண்டும்; ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய பாகம் அதற்கே மெதுவாக வளைந்துவிடும். வளைந்த பாகத்தை மட்டும் கழற்றி, கொதி அடங்கிய வெந்நீரில் இடுக்கியால் பிடித்து 15 விநாடி நனைத்து, துணியால் பிடித்து நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். தகரக் கூரை வீடென்றால் அட்டாலியிலும் வைக்க வேண்டாம்.

முளை ஒடிஞ்சுருச்சு. தோட்டத்துக் குழாய்க்குப் போடற பி.வி.சி. சொல்யூஷன் இருக்குது, அதைத் தடவலாமுங்களா? கறுப்பு மையில கோடு போட்ட கால் மூட்டும் தானா வெடிச்சிருக்குது.
*– வாசகர், காங்கேயம்*

தடவாதீர்கள். குழாய் சொல்யூஷன் பாலிஸ்டைரீனையும் கரைக்கும், ஆனால் அளவில்லாமல் கரைக்கும். அது கெட்டியாகவும் இருப்பதால் வழிந்து முகப்பையே உருக்கிவிடும். ஒடிந்த முளைக்கு மாடல்களுக்கென விற்கும் நீர்த்த பசையைப் பிரஷ் நுனியால் ஒரு துளி தொட்டுவைத்து, ஒருநாள் அசைக்காமல் விடுங்கள். மூட்டுப் பாகங்கள் ஏ.பி.எஸ். என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தப் பசை சரியாகப் பிடிக்காமல் போகலாம், அங்கே ஃபெவிக்விக். பாலிகேப்பில் எந்தப் பசையும் நிற்காது. கண்ணாடிப் பாகத்துக்கு ஃபெவிக்விக் தொட்டால் ஆவி படிந்து மங்கும். வெள்ளை ஃபெவிகால் காய்ந்ததும் தெளிவாகிவிடும், அதுவே நல்லது.

மூட்டு வெடித்ததற்குக் காரணம் எனாமல் மையிலுள்ள தின்னர். முளை ஏறி இறுக்கத்தில் நிற்கும் பிளாஸ்டிக்குக்குள் அது ஊறினால் விரிசல் ஓடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் தொட்டுத் துடைத்தாலும் இதே கதிதான். பொருத்துமுன் தனித்தனிப் பாகத்தில் கோடு போட்டு, நன்றாகக் காய்ந்தபின் சேருங்கள். அல்லது 0.3 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில் போதும். வெள்ளைப் பாகத்தில் சாம்பல் கோடு கறுப்பை விட அழகாக இருக்கும், தப்பினால் ரப்பரால் அழித்துவிடலாம்.

விரிசலை நிரப்ப, அதே நிற ரன்னர் துண்டுகளைப் பொடியாக நறுக்கி அந்த மாடல் பசையில் ஓர் இரவு ஊறவையுங்கள். தேன் பதத்தில் கரைந்ததும் விரிசலில் சற்று மேடாக அப்பி, இரண்டு நாள் காயவிட்டுத் தேயுங்கள். இது ஏ.பி.எஸ். மூட்டுக்கு உதவாது, மற்ற பாகங்களுக்கு நிறமும் சேரும், பிடியும் சேரும். ஆகவே கிட் முடிந்ததும் நிறத்துக்கு ஒரு ரன்னரையாவது உறையில் போட்டு, கிட் பெயரை எழுதி வையுங்கள்.