அடிபட்ட மூளையில் ஊசலாடும் செல்கள்: டர்பன் கேள்வி பதில்

தலையில் அடிபட்டபின் மூளைச் செல்கள் சாவதைச் சமன்பாடாக எழுதுவது பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழர்கள் கேட்டவை.

சாட்ஸ்வொர்த் மாணவி: அக்கா, உயிருள்ளவை, செத்தவை என்று இரண்டு பிரிவு போதாதா?

போதாதும்மா. அடி விழுந்த நொடியில் செத்ததை மீட்க வழியில்லை. மருத்துவம் கைகொடுப்பதெல்லாம் நடுவே ஊசலாடும் செல்களுக்குத்தான். அப்படி 200 செல்கள், மணிக்கு 0.05 வீதம் மீள்கின்றன, 0.02 வீதம் சாகின்றன என்று வைத்துக்கொள் (எண்கள் கணக்கு காட்ட மட்டும்). கடைசியில் சாகும் பங்கு 0.02/0.07, சுமார் 57 செல். ஆக்சிஜன் குறைந்து சாகும் வீதம் 0.04 ஆனால் 89. அடி அதே அடிதான். கூடுதலாகப் போன 32 செல்லும் பின்னால் வந்த குறையால் போனவை. அந்த நடுப்பிரிவை விட்டால் சமன்பாட்டு மாதிரியில் இது தெரியவே தெரியாது.

பீனிக்ஸிலிருந்து: சமன்பாட்டில் குளுட்டமேட்டை (அளவு மீறினால் செல்களைக் கொல்லும் மூளை வேதிப்பொருள்) சேர்த்ததும் செல் எண்ணிக்கை மைனஸில் போகிறது. பூஜ்யத்தில் நிறுத்திவிடலாமா?

வேண்டாம், பிழை மறைந்துதான் போகும். நேரத்தைச் சிறு படிகளாக வெட்டிக் கணக்கிடும் ஆய்லர் முறையில் நிமிடக் கணக்கில் படி வைத்திருப்பீர்கள். குளுட்டமேட் நொடிக்கு 1 வீதத்தில் அகற்றப்பட்டால், படி 2 நொடியைத் தாண்டியதுமே விடை ஏறி இறங்கி வெடிக்கும். செல் சாவுக்கோ மணிகள், நாள்கள் ஆகும். இப்படி வேகங்கள் வெகுவாக வேறுபடும் கணக்குக்கு அதற்கென்றே உள்ள ராடாவ் (Radau) அல்லது பிடிஎஃப் (BDF) முறை வேண்டும்; பைத்தான் மொழியின் கணக்கு நூலகமான சைப்பையில் (SciPy) இரண்டும் உண்டு. நொடி வீதமும் மணி வீதமும் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டோங்காட் ஆய்வு மாணவர்: 24 மணி நேரத்தில் எண்ணிய செத்த செல்களை வைத்து மீளும் வீதம், சாகும் வீதம் இரண்டையும் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. நேரத்தோடு எண்ணி முழு வளைகோடு வரைந்தாலும், கிடைப்பது இரு வீதங்களின் கூட்டலும், தொடக்க ஊசல் எண்ணிக்கை × சாகும் வீதம் என்ற பெருக்கலும்தான். தொடக்க எண்ணிக்கையைத் தனியாக அளந்தே ஆகவேண்டும். இங்கே ஒரு பொறி: சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் ஏறும் சாயமான புரோப்பிடியம் அயோடைடை அடிக்கு முன்பே ஊற்றினால், சவ்வு கிழிந்து பிறகு மூடிக்கொண்ட செல்லிலும் சாயம் ஏறி, அது செத்ததாக எண்ணப்படும். அடிக்கு முன் ஒரு நிறம், பல மணி கழித்து வேறொரு நிறம் என்று இரண்டு சாயம் போடுங்கள். முதல் நிறம் மட்டும் ஏறியது மூடிக்கொண்ட செல். இரண்டும் ஏறியது இன்னும் கிழிந்தே கிடப்பது.

நரம்பிழை எவ்வளவு நீண்டால் சேதம் என்று வரம்பு வைக்கலாம்?

2000-இல் பெய்னும் மீனியும் கினிப்பன்றியின் பார்வை நரம்பை இழுத்துப் பார்த்ததில், நரம்பிழை உருக்குலைய 0.21 (அதாவது 21% நீட்சி), மின்குறிப்பு கெட 0.18. மனித மூளைக்கு அப்படியே ஒட்டாதீர்கள், வரம்பை 0.14 முதல் 0.34 வரை மாற்றி மாற்றிக் கணக்கை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு தாய்: ரக்பியில் மகனுக்குத் தலையில் அடி. இந்தக் கணக்கு ஏதாவது சொல்லுமா?

சொல்லாது அம்மா. வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை மைதானம் வேண்டாம்.