ஆச்சி பதில்கள்: ஊருக்குத் தெரியாமல் எங்கே போவது?

கேள்வி: ஆச்சி, என் வீட்டுக்காரர் குடியை விடணும் என்கிறார். காலையில் காபி டம்ளரைப் பிடித்தால் கை ஆடி வேட்டியில் சிந்துகிறது. உதவிக் கூட்டத்துக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறார்.
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: முதலில் அந்தக் கையைக் கவனி, தாயி. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் மனநல மருத்துவரைப் பார். வீட்டில் பூட்டிவைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம்.

அப்புறம் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடியை விட நினைப்பவர்கள் பெயரை வெளியே விடாமல் கூடிப் பேசும் அமைப்பு; 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது; குடியை விடும் ஆசை இருந்தால் போதும். 'நீங்க எந்தக் கோயில்?' என்று குலம் விசாரிக்காத கூட்டம் நம் பக்கத்தில் வேறு ஏது! உள்ளூர் கூச்சமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகட்டும். இணையவழிக் கூட்டமும் உண்டு. இடம், நேரம் மாறும், ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் பார்த்து, போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறச் சொல். 'திறந்த கூட்டம்' என்றால் நீயும் கூடப் போகலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, கட்டணமில்லா எண்.