எங்கட ஆக்கள் ஏன் பிந்தி வந்தார்கள்?

"சீனரும் பஞ்சாபிகளும் நூறு வருசத்துக்கு மேலாகக் கனடாவில் இருக்கிறார்களே, எங்கட ஈழத்தமிழ் ஆக்கள் மட்டும் ஏன் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு? அவர்களுக்கு இருந்த துணிவு எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். துணிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, தம்பி. கதவு பூட்டிக் கிடந்தது.

சீனரை ரயில் பாதை போடக் கூப்பிட்டார்கள். 1885இல் பாதை முடிந்தது. அதே வருசம் இனி வருகிற சீனருக்குத் தலைக்கு 50 டொலர் வரி. 1903இல் அது 500 ஆனது. அதையும் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று 1923இல் வரவையே கிட்டத்தட்ட நிறுத்தினார்கள். சட்டம் அமலுக்கு வந்தது ஜூலை 1, இப்போது நாங்கள் கனடா தினம் கொண்டாடுகிற நாள். இங்கேயே பிறந்த சீனப் பிள்ளைகளும் பதிவு செய்ய வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த, படம் ஒட்டிய பத்திரத்தில் 'இது கனடாவில் சட்ட அந்தஸ்து எதையும் நிறுவாது' என்று அச்சடித்திருந்தது. 1947 வரை இந்தச் சட்டம் இருந்தது.

இந்தியர் பிரிட்டிஷ் பிரசைகள். பேர் சொல்லித் தடுத்தால் லண்டனுக்குச் சங்கடம். அதனால் 1908இல் ஒரு விதி: சொந்த நாட்டிலேயே டிக்கெட் எடுத்து, இடையில் எங்கும் மாறாமல் நேராக வர வேண்டும். இந்தியா என்ற சொல்லே விதியில் இல்லை. கல்கத்தாவிலிருந்து நேர் டிக்கெட் விற்காதே என்று கப்பல் கொம்பனியிடம் சொன்னால் காரியம் முடிந்தது. எல்லாச் சட்டத்திலும் எனக்கு இதுதான் கேவலமாகப் படுகிறது. 1914இல் குர்தித் சிங் என்ற பஞ்சாபி வர்த்தகர் வாடகைக்குப் பிடித்த கொமகட்டா மாரு என்ற கப்பலில் 376 பேர் வந்தார்கள். இரண்டு மாதம் வன்கூவர் துறைமுகத்தில் கரையைப் பார்த்தபடி கிடந்தார்கள். இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர மற்றவர்களைக் கடற்படைக் கப்பலைக் காட்டித் திருப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இறங்கியபோது பொலிஸ் சுட்டதில் பலர் செத்தார்கள்.

இனி எங்கட கணக்கு. 1951இல் ஒரு கோட்டா வந்தது: வருசத்துக்கு இந்தியாவுக்கு 150, பாகிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் எல்லாரும் அந்த ஐம்பதுக்குள். கனடாப் பிரசைகளின் நெருங்கிய சொந்தங்கள் இந்தக் கோட்டாக் கணக்கில் சேராமல் வரலாம். பஞ்சாபிகளுக்கு இங்கே ஏற்கெனவே ஆளிருந்தது, எங்களுக்கு யார் இருந்தார்கள்? 1962இல்தான் இனத்தைப் பார்ப்பதைப் பெருமளவு விட்டார்கள். 1967இல் படிப்பு, தொழில், மொழி இவற்றுக்குப் புள்ளி போட்டு ஆளெடுக்கிற முறை. நீங்கள் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடிவரவு விண்ணப்பத்துக்கு நித்திரை முழித்துக் கூட்டிப் பார்த்த புள்ளிகளின் மூலம் அதுதான். படித்த தமிழர் கொஞ்சப் பேர் அப்படி வந்தார்கள். பெருவாரியானவர்கள் 83க்குப் பிறகு, அகதியாக.

கப்பல் கதை எங்களுக்கும் உண்டு. 1986இல் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை நியூபவுண்ட்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களை இருக்க விட்டார்கள். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரைப் பிள்ளைகளோடு தடுத்து வைத்தார்கள், சிலரை மாதக்கணக்காக. "வரிசையைத் தாண்டி வந்தவர்கள்" என்று அப்போது கதைத்தவர்களில் எங்கட ஆக்களும் இருந்தார்கள்.