அப்பத்தாவின் குரல் உள்ள கேசட்டைக் கடையில் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பத்தா மூன்று மாதங்களுக்கு முன் காலமானார். போடிப் பக்கம் ஒரு கிராமம். குடும்பத்தையே தாங்கி நின்றவர். வருஷத் திதிக்குள் அவர் வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். எங்களிடம் இருப்பவை: 1991-இல் சித்தப்பா பதிவு செய்த ஒரு கேசட் (அப்பத்தா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும்), கண்ணாடி போட்ட பழைய ஸ்டுடியோ படம் ஒன்று, ஜாதக நோட்டு. ‘எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், பாட்டை டிஜிட்டல் ஆக்கி, படத்தைப் புதுசாக்கி, ஐ.எஸ்.பி.என். எண் வாங்கி, 100 பிரதி போட்டுத் தருகிறேன், 65,000 ரூபாய்’ என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? அப்பத்தாவின் தங்கை உசிலம்பட்டியில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். அவரிடமும் ஏதாவது கேட்க வேண்டுமா?
வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்க வேண்டாம். பணம் அதிகமா குறைவா என்பது அப்புறம். கேசட், படம், நோட்டு மூன்றுக்கும் வேறு பிரதி கிடையாது. அப்படிப்பட்ட பொருளை முன்பின் தெரியாதவர் பையில் போட்டு அனுப்பக் கூடாது. பிரதி எடுக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எடுத்து முடித்ததும் அசல் உங்களோடு வீடு திரும்ப வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கடை எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய ஒலிநாடாக்களையும் படங்களையும் பேணுவதுதான் என் வேலை. ஆனால் இதை நான் வேலையில் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் என் அம்மாச்சி பாடிய கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். சிடி ஒன்று வந்தது. ‘இரைச்சலை எல்லாம் எடுத்துட்டோம் சார்’ என்றார்கள். இரைச்சலோடு சேர்த்து, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அம்மாச்சி ‘போதுமாய்யா?’ என்று கேட்டதையும் வெட்டியிருந்தார்கள். கேசட்டைத் திருப்பிக் கேட்டபோது, ‘அதான் சிடி இருக்கே’ என்று பதில் வந்தது. குப்பைக்குப் போய்விட்டிருந்தது.

சரி, உங்கள் கேசட்டுக்கு வருகிறேன். முதலில் அதன் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். அவை இல்லையென்றால், யாராவது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. அடுத்து, பரண்மேல் கிடக்கும் டேப் ரிக்கார்டரில் அதை உடனே போட்டுக் கேட்க ஆசை வரும். வேண்டாம். பல வருஷம் ஓடாத ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், நாடாவை இழுத்துச் சிக்கவைத்துவிடும். வேண்டாத சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றை முழுசாக ஓட்டிப் பார்த்த இயந்திரத்தில்தான் அப்பத்தாவை ஓட்ட வேண்டும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்த இயந்திரத்திலும் போடக் கூடாது.

நல்ல டெக்கிலிருந்து (கேசட் ஓட்டும் இயந்திரம்) ஒயர் வழியாக நேரே கணினிக்குப் பதிவாக வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிவு செய்வது பதிவே இல்லை. கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக வேண்டும், சுருக்கிவிடும் எம்பி3 வேண்டாம்; இரண்டு பக்கமும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வெட்டாமல், இரைச்சல் நீக்காமல் வேண்டும். நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும்; 60 நிமிஷக் கேசட்டுக்கு 600 எம்பி. இன்றைக்கு அது ஒரு சுமையே இல்லை. பின்னால் சேவல் கூவுவதும் யாரோ அம்மி அரைப்பதும் கேட்டால் கேட்கட்டும், அதுவும் அந்த வீடுதான்.

இந்த வேலையை எங்கே செய்வது என்று கேட்பீர்கள். கோபம் வருகிற இடம் இதுதான். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நாம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் தன் கேசட்டையும் படத்தையும் எடுத்துப்போய், ‘என் கண் முன்னால் பிரதி எடுத்துக் கொடுங்கள்’ என்று கேட்கிற மேசை ஒன்று, நான் போய்ப் பார்த்த எந்த மாவட்ட நூலகத்திலும் இல்லை. ஒரு டெக், ஒரு ஸ்கேனர், ஒரு ஆள் போதும். அது இல்லாததால்தான் இந்த 65,000 ரூபாய் ஆசாமிகள் பிழைக்கிறார்கள். இப்போதைக்கு மதுரையிலோ திருப்பூரிலோ ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவரிடம் நேரத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, கூடவே உட்கார்ந்து எடுப்பதுதான் வழி.

படத்துக்கு வருவோம். பொதுவான விதி: சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய தேதியோ இருக்கலாம். ஆனால் கண்ணாடி போட்ட பழைய படம் என்கிறீர்கள், அதனால் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். பல மழைக்காலம் ஈரம் வாங்கினால் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டத்தைச் சாய்த்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சில இடங்கள் மட்டும் நனைந்தது போல அடர்த்தியாக, பளபளவென்று தெரிந்தால் அங்கே ஒட்டியிருக்கிறது. அப்படி இருந்தால் உரிக்கவே கூடாது. தண்ணீரில் ஊறவைப்பது, ஆவி காட்டுவது, பிளேடு, நூல் எதுவும் வேண்டாம். உரித்தால் முகம் கண்ணாடியோடு வரும், வெறும் தாள் உங்கள் கையில் நிற்கும். பின்னாலிருக்கும் அட்டையையும் ஆணியையும் மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். ஸ்கேனரில் அடங்காவிட்டால் இருட்டறையில் இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவுக்கு முன்னால் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட கறுப்புத் துணி தொங்கவிட்டுப் படம் எடுங்கள். கறுப்புத் துணி இல்லையென்றால் எடுப்பவர் உருவமே கண்ணாடியில் விழும். எடுத்ததும் அதே கண்ணாடியோடு, புது அட்டை வைத்து, வெளிச்சுவரில் இல்லாமல் உள்சுவரில் மாட்டுங்கள். ஸ்கேன் செய்த படத்தை உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கித் தரம் போய்விடும்.

லேமினேஷன் எந்த நிலையிலும் கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. ‘புதுசாக்கித் தருகிறேன்’ என்பதையும் நம்பாதீர்கள். இப்போது செயலியில் போட்டால் அரை நிமிஷத்தில் பளிங்கு போல ஒரு முகம் வருகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் என்பதால் அப்பத்தா வளர்த்த காதில் தண்டட்டி என்ற கனத்த காதணி போட்டிருக்கலாம். அந்தச் செயலிகளுக்குத் தண்டட்டி என்றால் என்னவென்று தெரியாது. வளர்த்த காதைச் சின்னதாக்கி ஜிமிக்கி மாட்டிவிடும், தோலை வெளுப்பாக்கும், நெற்றிச் சுருக்கத்தை அழிக்கும். புத்தகத்தில் போட வேண்டியது கறையோடு இருக்கும் அப்பத்தாவை.

ஐ.எஸ்.பி.என். எண்ணைச் சொல்லிப் பணம் வாங்குவது பழைய தந்திரம். அது அரசு அங்கீகாரமோ விருதோ கிடையாது. விற்பனைக்கு வரும் புத்தகத்தை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது, எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். உறவுக்குள் கொடுக்கும் புத்தகத்துக்கு அது தேவையே இல்லை. அச்சகத்தில் எத்தனை வீடோ அத்தனை பிரதி மட்டும் போடுங்கள். பக்கம் வடிவமைப்பவரிடம் மூலக்கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள், மறுபதிப்புக்கு அவரிடம் போய் நிற்க வேண்டியிருக்காது. ‘உரிமை பதிப்பகத்துக்கே’ என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறந்த தேதியை ஆதாரைப் பார்த்து எழுத வேண்டாம். தேதி தெரியாமல் வயதை மட்டும் சொன்ன பெரியவர்களுக்கு அதில் ஜனவரி 1 என்றுதான் விழுந்திருக்கும். ஒரு தலைமுறைப் பாட்டிமாரே புத்தாண்டில் பிறந்தது போல ஆக்கிவைத்திருக்கிறார்கள்! ஜாதக நோட்டில் தமிழ் வருஷமும் மாதமும் இருக்கும், அதை நம்புங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உதாரணத்துக்கு ‘தாது வருஷம் தை மாதம்’ என்றிருந்தால், தாது 1936 சித்திரையில் தொடங்கியது, அதன் தை 1937 ஜனவரி நடுவில்தான் வந்தது. பலர் 1936 என்று எழுதி வயதில் ஒரு வருஷம் கூட்டிவிடுகிறார்கள். தாது என்றதும் பஞ்சத்தில் பிறந்தவர் என்றும் எழுதிவிடாதீர்கள், அந்தப் பஞ்சம் அறுபது வருஷச் சுற்று ஒன்றுக்கு முன், 1876-இல் தொடங்கிய தாது வருஷத்தில் வந்தது. கல்யாண வருஷம் தெரியாவிட்டால் ஊரார் அறிந்த சம்பவத்தோடு பொருத்துங்கள். வைகை அணை திறந்தது 1959 ஜனவரி. அதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் பெரியவர்கள் சட்டென்று சொல்வார்கள்.

கேட்க வேண்டிய ஆள் உங்கள் சின்ன அப்பத்தா. கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். கேசட் இன்னும் ஆறு மாதம் பீரோவில் இருக்கும். எண்பதைத் தாண்டியவரை அப்படி நினைக்க முடியாது. இந்த மாதமே போங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அவர் பக்கத்தில் தலையணைமேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். ‘அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ‘தங்கமான மனுஷி’ என்று அழுதுவிட்டு நிறுத்திவிடுவார். தண்ணிக்கு எந்தக் கிணற்றுக்குப் போனீர்கள், கல்யாணத்தன்று யார் சமைத்தார்கள், அக்கா புகுந்த வீட்டிலிருந்து முதல் தடவை வந்தபோது என்ன கொண்டுவந்தார் என்று கேளுங்கள். இரண்டாம் தடவை போகும்போது கேசட்டின் பிரதியைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். அந்த ஒப்பாரியில் உங்களுக்குப் புரியாத சொற்கள் நிச்சயம் இருக்கும். யாருடைய சாவுக்கு அக்கா அதை முதலில் பாடினார் என்பதும், அதில் வருகிற பெயர்கள் யாருடையவை என்பதும் இப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கக்கூடும்.