கேள்வி பதில்: மெயில், ஃபைல், போட்டோ

கேள்வி: ஃபைலையும் மெயிலையும் மக்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்வதெல்லாம் ஒரு வேலையா சார்?

பதில்: நல்ல வேலை. உளவியலாளர் ஸ்டீவ் விட்டேக்கரையே பாருங்கள். லோட்டஸ், ஐபிஎம் போன்ற கம்பெனிகளின் ஆய்வகங்கள், இங்கிலாந்தில் ஷெஃபீல்ட், கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் என இடம் மாறினாலும் இந்த விஷயத்துக்கே திரும்பத் திரும்ப வந்தவர். கம்பெனிக்குள் இருந்ததால், அங்கே வேலை செய்பவர்களின் மெயில்பாக்ஸையே ஆராய முடிந்தது. அது பெரிய அனுகூலம்.

கேள்வி: இன்பாக்ஸில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. ஃபோல்டர் போட்டுப் பிரிக்கட்டுமா?

பதில்: வேண்டாம். 2011-இல் விட்டேக்கரும் ஐபிஎம் குழுவினரும் 345 பேர் பழைய மெயிலைத் தேடி எடுத்ததை, 85,000-க்கும் மேற்பட்ட முறை, பதிவு செய்து பார்த்தார்கள். ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்தவர்களுக்கு மெயில் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. தேடல் பெட்டியில் தட்டியவர்கள் சீக்கிரமாக எடுத்தார்கள். பிரிக்கச் செலவான நேரம் அப்படியே நஷ்டம்.

கேள்வி: அப்போ ஃபைலுக்கும் தேடலே போதுமா?

பதில்: இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஓஃபர் பெர்க்மனும் விட்டேக்கரும் சேர்ந்து பார்த்ததில், தேடல் வசதி எவ்வளவு மேம்பட்டாலும் மக்கள் ஃபோல்டர் வழியாகவே போகிறார்கள். வைத்த இடம் மறந்தால்தான் தேடுகிறார்கள். 2015-இல் இவர்கள் சேர்ந்து வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு காரணத்தைத் தொட்டது: ஃபோல்டருக்குள் போகும்போது, நிஜமான இடங்களில் வழி கண்டுபிடிக்கும் அதே மூளைப் பகுதிகள் இயங்குகின்றன. தேடும்போது மொழிக்கான பகுதி. சொல்லை யோசிப்பது கூடுதல் சுமை.

மெயில் யாரோ அனுப்பி வந்து விழுவது; ஃபைல் நீங்களே பெயர் வைத்து, இடம் பார்த்து வைத்தது. அதனால் உங்கள் அடுக்கும் உழைப்பை ஃபைலுக்குச் செலவிடுங்கள் என்பேன்.

கேள்வி: குழந்தைகளின் போட்டோ பல்லாயிரம் சேர்ந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

பதில்: கழிப்பதில். 2010-இல் வெளியான விட்டேக்கர், பெர்க்மன் குழுவின் ஆய்வு ஒன்றில், ஒரு வருடத்துக்கும் பழைய குடும்பப் போட்டோக்களைத் தேடித் தரச் சொன்னபோது, பெற்றோரால் கிட்டத்தட்ட 40 சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அளவுக்கு மீறிய படங்கள், பல இடங்களில் சேமிப்பு, எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை, எல்லாம்தான் காரணம். கழிக்க வசதியாக எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் நல்லதாகச் சில படங்கள் மட்டும் வைத்து, வருடத்தோடு பெயர் போடுங்கள்.