வரி ரசீது இருக்கிறது, பத்திரம் இல்லை: தாத்தா வீட்டின் மூலத்தைத் தேடுவது எப்படி?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் முக்கால் கிரவுண்டில் எங்கள் வீடு. தாத்தா வாங்கியது என்பார்கள். பாட்டிக்குப் பிறகு அவரும் 1971இல் காலமானார். இப்போது அப்பாவும் இல்லை. தாத்தா பெயரில் மாநகராட்சி வரி ரசீதுகள் மட்டும் உள்ளன. ஆன்லைனில் வில்லங்கம் போட்டால் ஒன்றுமே வரவில்லை. அப்பாவுடன் பிறந்த அத்தைகள் இருவர், கல்யாணமாகிப் போய்ப் பல வருடம். வரி கட்டியதெல்லாம் அப்பாதான். நானும் தம்பியும் வாரிசுச் சான்றிதழ் வாங்கி விற்றுவிடலாம் என்கிறார் தரகர். சரியா?

பதில்: சரியில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பத்திரம்.

பதிவுத் துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகளே கிடைக்கும். அதற்கு முந்தையதைப் பழைய புத்தகங்களில் தேட மனுக் கொடுக்க வேண்டும். அலுவலக எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. எனவே ராயபுரம் சார்பதிவாளர் அலுவலகத்தோடு நிறுத்தாமல், ராஜாஜி சாலையில் உள்ள வடசென்னைப் பதிவு அலுவலகத்திலும் கேளுங்கள்.

பழைய இன்டெக்ஸ் இரண்டு வகை: ஒன்று பெயர்வாரி, மற்றது சொத்துவாரி. தேடல் தோற்பது பெரும்பாலும் பெயரில்தான். முனுசாமி என்பவர் முனிசாமி, மூனேசாமி என்றெல்லாம் பதிவாகியிருப்பார். ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் எழுதிக்கொடுத்தால் ‘பதிவு இல்லை’ என்றே பதில் வரும். பாட்டி பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் காலத்தில் மனைவி பெயரில் வாங்கியவர்கள் ஏராளம்.

சொத்துவாரித் தேடலுக்குக் கதவு எண்ணும் சர்வே எண்ணும் வேண்டும். கையிலுள்ள ரசீதுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, கதவு எண்ணும் தெருப்பெயரும் எந்த ஆண்டில் மாறின என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வாங்கினால் பிளாக் எண்ணும் நகர சர்வே எண்ணும் கிடைக்கும். பழைய மதராஸ் பத்திரங்களில் ஓ.எஸ். (பழைய சர்வே) எண், ஆர்.எஸ். (மறு சர்வே) எண், சி.சி. (கலெக்டர் சான்றிதழ்) எண் என்று வேறு எண்கள் இருக்கும். அவற்றை இன்றைய எண்ணோடு பொருத்திப் பார்க்காமல் நகல் வாங்கினால் அடுத்த மனையின் பத்திரம் கைக்கு வந்துவிடும்.

இப்படியும் கிடைக்கவில்லையா? பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத் தேடுங்கள். கிரயப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தின் நகலைக் கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம்; பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பக்கத்து மனையின் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், ‘தெற்கே இன்னார் வீடு’ என்று இருக்கும். 1952இல் அங்கே வேறொருவர் பெயரும் 1960இல் உங்கள் தாத்தா பெயரும் இருந்தால், தேட வேண்டியது அந்த எட்டு ஆண்டுகள்தான்.

நகல் வந்ததும் சொத்து விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். ‘மேல்கட்டடம் மட்டும்’ என்றிருந்தால் அடிமனை கோயிலுடையதாகவோ வேறொருவருடையதாகவோ இருக்கலாம். வடசென்னையில் இது அபூர்வமல்ல. அப்படியானால் விற்பதற்குக் கட்டடம்தான் இருக்கிறது, நிலம் இல்லை.

மூலப் பத்திரம் தொலைந்தது என்று போலீசில் மனுக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் வழக்கம் சென்னையில் பழையது. வெறும் ஒப்படைப்புக்குப் பதிவு தேவையில்லை என்பதால் அந்தக் கடன் வில்லங்கத்தில் தெரியாது. வீட்டிலுள்ள பழைய கடன் சீட்டு, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் முதலில் புரட்டிப் பாருங்கள்.

இனி தரகர் பேச்சு. நீங்கள் இந்துக் குடும்பம் என்று கொண்டு சொல்கிறேன். தாத்தா சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் அப்பா, அத்தைகள் இருவர் தவிர வேறு பிள்ளைகள் இல்லையென்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. கல்யாணம் எப்போது நடந்தது என்பது இதில் கணக்கே இல்லை. மகள்களுக்கான 2005 திருத்தத்தை இங்கே இழுக்கவும் வேண்டாம். அது கூட்டுக்குடும்பச் சொத்துக்கானது. ஆனால் பத்திரம் கிரயமாக இல்லாமல் கொள்ளுத்தாத்தா வழிப் பாகப்பிரிவினையாக இருந்தால் பங்குக் கணக்கு மாறலாம். பத்திரத்தை முதலில் தேடச் சொன்னது அதற்காகத்தான்.

வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வீட்டில் இருந்து வரி கட்டினார் என்பதாலேயே மற்றவர் பங்கு போய்விடாது. அத்தைகளின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறிய 12 ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்ததை நிரூபித்தாலொழிய எதிரிடை அனுபவம் (நெடுநாள் அனுபவத்தைக் காட்டி உரிமை கோருவது) நிற்காது. பண்டிகைக்கு வந்துபோன அத்தைகள் விஷயத்தில் அதை நிரூபிப்பது கடினம். வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டுமே காட்டும். தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வாங்குங்கள். அப்பாவின் பங்கில் உங்கள் அம்மாவுக்கும், சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு.

விற்பதானால் கிரயத்தில் அத்தைகளும் கையெழுத்திட வேண்டும். பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதிவில்லாமல் வாங்கும் கையெழுத்தால் அவர்களுடைய பங்கு உங்களுக்கு மாறாது.